மறைத்துக் கொடுத்தலும் கணக்குக் காட்டலும்

கொடுப்பவர் தம் கொடையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரும்பாலான சமய மரபுகள் வற்புறுத்துகின்றன. அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தையோ ஊரறிய வெளியிட்டாக வேண்டும் என்று இக்காலச் சட்டங்கள் வற்புறுத்துகின்றன. வலக்கை தருவதை இடக்கை அறியலாகாது என்பது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் காட்டும் நெறி. தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே என்று ஏற்றுக்கொள்ளும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், வறியவரிடம் அதை மறைவாகச் சேர்ப்பிப்பதையே மேலானதாக வைக்கிறது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் கைம்மாறு கருதாத தானத்தைச் சாத்துவிகம் என்றும், பயனை எதிர்நோக்கி மன வருத்தத்தோடு தரப்படுவதை இராஜசம் என்றும் பிரிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாத கொடைக்கு மேலிருந்து இரண்டாம் படியை அளித்தார். அதற்கும் மேலான முதற்படி, ஒருவர் மீண்டும் கையேந்தத் தேவையில்லாதவாறு அவருக்குத் தொழிலோ கடனோ கொடுத்து நிலைநிறுத்துவது. இத்தனை மரபுகள் மறைவை அறமாகக் கொண்டிருக்க, அரசின் கொடையில் மட்டும் அதே மறைவு குற்றமாவது எதனால் என்ற வினா எழுகிறது. தனிமனிதருக்கு ஓர் அறமும் அரசுக்கு வேறோர் அறமும் உண்டா, அல்லது ஒரே அறம் இரண்டு இடங்களில் எதிரெதிரான நடத்தைகளைக் கோருகிறதா?

அரசு கொடுப்பது தன் பணம் அன்று, மக்களின் வரிப்பணம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது சரியே, ஆயினும் நிறைவானது அன்று. பிறர் பொருளைக் கையாள்பவர் நேர்மையானவராக இருந்தால் போதாதா, அவர் அதை எல்லார் முன்னும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற அடுத்த கேள்விக்கு அந்த விடையில் இடமில்லை. அதற்கு இன்னும் பழைய ஓர் இடத்துக்குச் செல்ல வேண்டும்.

யூதர்களின் வாய்மொழிச் சட்ட மரபுகளை ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுத்த மிஷ்னா என்னும் நூலில் செக்காலிம் என்றொரு பகுதி உண்டு. எருசலேம் ஆலயத்தின் பொதுச் செலவுக்காக வளர்ந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய அரைச் செக்கல் வெள்ளியைப் பற்றியது அது. செல்வரும் வறியவரும் ஒரே அளவாகக் கட்டிய இந்தத் தொகை காணிக்கை என்பதைவிட வரி என்பதற்கே நெருக்கமானது. ஆலயத்தில் இருந்த இரண்டு அறைகளை அப்பகுதி விவரிக்கிறது. ஒன்று மறைவறை: பாவத்துக்கு அஞ்சுவோர் அதற்குள் சென்று யாரும் காணாமல் தம் கொடையை வைத்துவிட்டுப் போவார்கள், நல்ல குடியில் பிறந்து வறுமையுற்றோர் அதே போல் யாரும் காணாமல் எடுத்துக்கொள்வார்கள். மற்றொன்று அரைச் செக்கல் பணம் குவிக்கப்பட்ட கருவூல அறை. அதிலிருந்து பணத்தை எடுக்கச் செல்பவர் மடிப்பு வைத்துத் தைத்த மேலாடையோடும், காலணியோடும், கையிலும் நெற்றியிலும் கட்டும் வேதப் பேழையோடும், தாயத்தோடும் உள்ளே போகலாகாது. நாணயம் ஒளிக்க இடமுள்ள எதுவும் அவர் உடலில் இருக்கக் கூடாது. பின்னாளில் அவர் வறியவரானால் கருவூலத்தில் செய்த பாவத்தின் விளைவு என்றும், செல்வரானால் கருவூலத்திலிருந்து வந்த செல்வம் என்றும் மக்கள் பேசுவார்கள் என்பது இதற்குத் தரப்படும் காரணம். மனிதன் கடவுளுக்கு முன் மாசற்றவனாக இருப்பது போலவே மனிதர் முன்னும் மாசற்றவனாக இருக்கக் கடமைப்பட்டவன் என்ற கொள்கையை நூல் இதிலிருந்து வருவிக்கிறது.

ஒரே ஆலயத்தில், ஒரே சமயத்தாரால் இவ்விரண்டு அறைகளும் முரண்பாடு எதுவும் உணரப்படாமலே பேணப்பட்டன என்பது கருதத்தக்கது. மறைவறையில் பணம் வைப்பவர் தமக்குரியதை விட்டுக்கொடுக்கிறார். அதோடு கொடையாளி என்ற பெயரையும் விட்டுக்கொடுப்பதால் கொடை முழுமையாகிறது. கருவூலத்துள் செல்பவருக்கு விட்டுக்கொடுக்கத் தமதென்று எதுவும் இல்லை. அவர் கைவிடக்கூடியது ஒன்றே ஒன்று: தம்மை நம்பியே ஆக வேண்டும் என்று பிறரைக் கேட்கும் உரிமை. மடிப்பற்ற ஆடையோடும் வெறுங்காலோடும் அவர் உள்ளே போகும்போது கைவிடுவது அதைத்தான். ஆகவே தனிமனிதரின் மறைவும் பொறுப்பாளரின் வெளிப்படையும் ஒரே நோக்கத்தின் இரு வடிவங்கள். கொடையிலிருந்து கொடுப்பவரின் தன்முனைப்பை நீக்குவதே இரண்டின் வேலை. இந்தப் பார்வையில் அரசின் கணக்கு வெளியீடு நிர்வாக ஒழுங்கு என்ற எல்லையைத் தாண்டி, பணிவு என்னும் சமயப் பண்பின் அரசியல் வடிவமாகவே தெரிகிறது.

இதற்கு எதிரான குரலும் அதே மரபில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. விவிலியத்தில் அரசர்களின் இரண்டாம் நூலில் யோவாசு மன்னனின் காலத்து ஆலயப் பழுதுபார்ப்பு விவரிக்கப்படுகிறது: வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்கப்படவில்லை, ஏனெனில் அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்கிறது அந்நூல். தருமப் பணம் கையாள்வோரிடம் கணக்குக் கேட்கலாகாது என்ற விதியைத் தல்மூத் அறிஞர்கள் இதிலிருந்தே பெற்றனர். ஆனால் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. மன்னனின் இருபத்துமூன்றாம் ஆட்சியாண்டு வரை பணம் பெற்றுவந்த குருக்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்கவே இல்லை. அதன் பிறகுதான் மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தருகே வைக்கப்பட்டு, அதில் சேர்ந்த பணத்தை மன்னனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணும் முறை வந்தது. தச்சரையும் கொத்தரையும் நம்பியது உண்மை. குருக்களை நம்புவது அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான சுல்கான் ஆருக், தருமப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, அவர்களாகவே கணக்குக் காட்டுவது நல்லது என்று சேர்த்துக்கொண்டதும் இந்த இக்கட்டை உணர்ந்தே ஆகலாம். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பெருந்தொகையைக் கொண்டுசெல்லும் கிறித்தவத் திருத்தூதர் பவுலும், யாரும் குறை சொல்ல இடமிராதபடி, ஆண்டவர் முன் மட்டுமல்லாமல் மனிதர் முன்னும் நேர்மையாகத் தோன்றக் கருதுவதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் விளக்குகிறார். இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற போதனையைப் பின்பற்றிய அதே சமூகத்தின் முதல் தலைமுறை இது.

தானாக முன்வந்து கணக்குக் காட்டுவது என்ற இந்தக் கருத்தே இன்று 'முன்கூட்டிய வெளியீடு' என்ற பெயரில் சட்டமாகியிருக்கிறது. அதாவது, யாரும் மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திராமல் அரசு தானே தகவலை வெளியிடுவது. கனடாவில் கூட்டாட்சி அரசின் அமைச்சகங்கள் 25,000 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு மானியத்தையும் பங்களிப்பையும் காலாண்டுதோறும், பெறுபவரின் பெயரோடு வெளியிட வேண்டும். முதலில் நிர்வாகக் கொள்கையாக இருந்த இது 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் சட்டக் கடமையாயிற்று. மானியம் என்பது அந்நாட்டு நடைமுறையில், தகுதி உள்ளவருக்கு வழங்கப்பட்டபின் செலவுக் கணக்குப் பொதுவாகக் கேட்கப்படாத தொகை. பங்களிப்பு என்பது ஒப்பந்த நிபந்தனைகள் நிறைவேறியதைக் காட்டிக் கணக்கும் தணிக்கையும் கொடுத்தால் மட்டுமே தரப்படும் தொகை. முன்னது தானத்துக்கும் பின்னது கூலிக்கும் அருகில் இருக்கிறது. நிபந்தனை குறையுமளவுக்கு வெளிப்படையின் தேவை கூடுகிறது. தணிக்கை இல்லாத இடத்தில் மக்களின் பார்வை ஒன்றே எஞ்சிய தணிக்கை. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தன் நான்காம் பிரிவில், மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிடக் கடமைப்படுத்துகிறது; அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தன்னார்வ அமைப்புகளும் கல்வி அறக்கட்டளைகளும் அச்சட்டத்தின்கீழ் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது.

வெளியீடு வேறு, விளம்பரம் வேறு. நலத்திட்டப் பொருளின் மீது ஆட்சியாளரின் படத்தை ஒட்டுவதும், காசோலையைப் பலகை அளவுக்குப் பெரிதாக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்வதும், பொதுப்பணத்தைத் தனிக்கொடையாகத் தோன்றச் செய்யும் முயற்சிகள். மத்தேயு நற்செய்தி கண்டிக்கும் எக்காளம் ஊதுதல் இதுவே. சொந்தப் பணத்தைக் கொடுத்து எக்காளம் ஊதியவரையாவது ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். கணக்குப் பட்டியலோ யாரையும் புகழ்வதில்லை. தொகை, நாள், பெற்றவர், காரணம் என்ற வறண்ட நிரல்களில் அமைச்சரின் முகத்துக்கு இடமில்லை.

ஆயினும் இரண்டையும் முற்றாகப் பிரிப்பது எப்போதும் இயலுவதன்று என்பதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள் சான்று. தானும், தன் தமக்கையும், தன் தேவியரும், மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்டான். நகைகள் எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டன, அவற்றில் முத்து எத்தனை, சரடும் அரக்கும் எடையில் சேர்ந்தனவா என்றெல்லாம் அக்கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. இவ்வளவு நுணுக்கம் புகழுக்குத் தேவையே இல்லை. எடுத்துச் சரிபார்க்கப்போகும் ஒருவருக்குத்தான் தேவை. கோயிலின் காசை வட்டிக்குப் பெற்ற ஊர்ச் சபைகளின் பெயர், அவை ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வீதம், அதாவது 12.5 விழுக்காடு செலுத்த வேண்டிய வட்டி, விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்ற கணக்கில் கால்நடை பெற்ற இடையர்களின் பெயர், அவர்கள் நாள்தோறும் அளக்க வேண்டிய உழக்கு நெய் என, பெற்றவர்களின் கடப்பாடும் கல்லில் ஏறியது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921) இன்னும் ஒரு படி போய், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் ஆக்கியது. அச்சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. அங்கே கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்தே இதை மெச்ச வேண்டும்.

தஞ்சைக் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. கொடுக்கப்பட்ட பொற்கலன்களில் சில, சேரனையும் பாண்டியனையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து செய்யப்பட்டவை என்று அவை தயக்கமின்றிச் சொல்கின்றன. வெளிப்படை பற்றிய தத்துவத்தின் கடினமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை நெறியை வெளியே சொல்ல முடியாதென்றால் அச்செயல் நீதியற்றது என்ற அளவுகோலை, என்றென்றைக்குமான அமைதி பற்றி 1795இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில் இம்மானுவேல் காண்ட் வகுத்தார். இது எதிர்மறைச் சோதனை மட்டுமே என்று அவரே எல்லை கட்டினார்: சொல்ல முடியாதது அநீதி என்று கொள்ளலாம், சொல்ல முடிந்ததெல்லாம் நீதி என்று கொள்ள முடியாது, ஏனெனில் எதிர்ப்பாரற்ற வலிமை உடையவர் தம் நோக்கத்தை ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. சேரனின் பொன்னைக் கல்லில் எழுதிய மன்னனுக்கு எவரிடமும் அச்சமில்லை. இன்றைய பெரும்பான்மை அரசு ஒன்று தன் ஆதரவாளரின் அமைப்புகளுக்கே நிதியெல்லாம் வழங்கி, அதைப் பட்டியலிட்டும் வெளியிட்டால் சட்டம் நிறைவேறிவிடும், நீதி நிறைவேறாது. பட்டியல் அநீதியைத் தடுக்காது. அதைச் சுட்டிக் காட்ட வருபவருக்கு ஆதாரம் தரும். அவ்வளவே அதன் ஆற்றல்.

இதுவரை கொடுப்பவரின் அறமே பேசப்பட்டது. பெறும் நிறுவனத்துக்கு மறைவு என்ன செய்கிறது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் ஒரு நிகழ்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1950 ஜூனில் மேற்கு பெர்லினில் தொடங்கிய பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான பேரவை, கம்யூனிசத்துக்கு எதிரான சிந்தனையாளர்களை ஒன்றிணைத்துப் பல நாடுகளில் இதழ்களை நடத்தியது. இலண்டனில் கவிஞர் ஸ்டீபன் ஸ்பென்டரையும் இர்விங் கிரிஸ்டலையும் ஆசிரியர்களாகக் கொண்டு 1953இல் தொடங்கிய 'என்கவுன்டர்', மும்பையில் கவிஞர் நிசிம் இசக்கியேலை முதல் ஆசிரியராகக் கொண்ட 'குவெஸ்ட்' ஆகியவை அதன் வட்டத்தைச் சேர்ந்தவை. பேரவையின் பணம் அமெரிக்க மத்திய உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யிலிருந்து அறக்கட்டளைகளின் வழியாக வந்தது என்பது 1966, 1967ஆம் ஆண்டுகளில் அம்பலமானது. ஸ்பென்டர் பதவி விலகினார். சனாதிபதி ஜான்சன் அமைத்த காட்சன்பாக் குழு, கல்வி அமைப்புகளுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் அமெரிக்க அரசு மறைமுக நிதி தரலாகாது என்று 1967 மார்ச்சில் பரிந்துரைத்தது.

என்ன எழுத வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை, தாம் நம்பியதையே எழுதினோம் என்று அந்த எழுத்தாளர்கள் பலர் வாதிட்டனர். அது பெரும்பாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தீங்கு எங்கே என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஒருவர் சொல்வதை எடைபோடும் வாசகர் சொல்பவரின் நிலையையும் சேர்த்தே எடைபோடுகிறார். அந்தப் பாதியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். எழுத்தாளருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். வெளிப்படையாகத் தரப்பட்ட அரசு நிதியை அவர் ஏற்றிருக்கலாம், மறுத்திருக்கலாம். மறைத்துத் தந்ததால் மறுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை. தம் சொந்தக் கருத்தை எழுதிக்கொண்டே அவர் பிறருடைய கருவியானார், அதுவும் தம் இசைவு இல்லாமல். மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற காண்ட்டின் நெறியை இதைவிட நுட்பமாக மீறுவது கடினம். மைமோனிடிஸின் இரண்டாம் படியில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாததால் பெறுபவர் யாருக்கும் கடன்படாதவராகிறார். இங்கேயோ கொடுப்பவருக்கு எல்லாம் தெரியும், பெறுபவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. மறைவறையின் அமைப்பைத் தலைகீழாக்கியது போன்ற ஏற்பாடு இது.

சில வேளைகளில் தொகை வெளியில் இருக்கும், அதன் வரலாறு மறைந்திருக்கும். இந்திய அரசமைப்பின் 290ஏ கூறு, கேரளம் தன் தொகுநிதியிலிருந்து திருவிதாங்கூர் தேவசுவம் நிதிக்கு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயும், 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்துவந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13.5 லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்கிறது. அரசமைப்பிலேயே எழுதப்பட்ட தொகையைவிட வெளிப்படையான மானியம் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கூறை மட்டும் படிப்பவருக்கு, மதச்சார்பற்ற அரசு ஒரு சமயத்துக்கு வரிப்பணத்தைத் தானமளிப்பதாகவே தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கோயில் நிலங்களைத் திருவிதாங்கூர் அரசு தன்வசமாக்கிக்கொண்டது என்பது தெரிந்தால் அதே தொகை இழப்பீடாகத் தோற்றம் கொள்கிறது. சென்னை மாகாணத்துக் கோயில்களுக்கு, அரசு மீட்டுக்கொண்ட மானிய நிலங்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட 'தஸ்திக்' படித்தொகையின் நிலையும் இதுவே. கடனை அடைப்பவர் தானம் செய்பவராகவும், கடன் கொடுத்தவர் கையேந்துபவராகவும் காட்சியளிப்பது, எண் எதுவும் பொய்யாகாமலே நிகழும் பொய். அந்த நிலங்களில் உழைத்தவர்களுக்கு யார் என்ன கடன்பட்டார்கள் என்ற கணக்கு இவ்விரண்டு தோற்றங்களிலும் வருவதில்லை.

பெறுபவர் நிறுவனமாக இல்லாமல் தனிமனிதராக இருக்கும்போது, மறைவறையின் நியாயம் மீண்டும் உயிர்பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் நிதி பெற்றோரின் பெயர்களையும் தொகைகளையும் இணையத்தில் வெளியிடும் விதியை, தனிமனிதர்களைப் பொறுத்தவரை செல்லாது என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டப்படியான நிறுவனங்களின் பெயரை வெளியிடுவதை அனுமதித்தது. நிறுவனத்துக்கு நாணம் இல்லை, குடும்பம் இல்லை, ஊர் வாயில் விழும் அச்சம் இல்லை. இருப்பது பொறுப்பு மட்டுமே என்று அத்தீர்ப்பை விளங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இதையே பொது விதியாக்கிவிட முடியாது என்பதை இராசத்தானத்து உழைப்பாளர்கள் காட்டினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் நடத்திய முதல் மக்கள் விசாரணையிலும் அதைத் தொடர்ந்தவற்றிலும், அரசுப் பணிகளின் வருகைப் பட்டியல்கள் ஊர்கூடிய இடத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைக் கேட்டவர்கள் அந்த வேலைக்கே தாங்கள் போகவில்லை, அந்தப் பணம் தங்கள் கைக்கு வரவில்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். தகவல் உரிமைக்கான இயக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. ஐரோப்பிய விவசாயி தம் பெயரை மறைக்கும்படி நீதிமன்றம் சென்றார். இராசத்தானத்துக் கூலியாள் தம் பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்று வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஈகை அன்று, செய்த வேலைக்கான கூலி. உரியதைக் கேட்பவருக்கு அதில் நாணுவதற்கு எதுவும் இல்லை. பட்டியலைப் பூட்டி வைப்பதால் நன்மை பெற்றவர்கள் அதை எழுதியவர்களே.